ஒரு கைக்குத் தைத்த வார்

பக்கவாதம் வந்துபோனதில் வெர்லினுக்குப் பேச்சு தப்பித்தது, கால் தப்பித்தது. இடது கை மட்டும் பாதியில் நின்றுபோனது. முழங்கை மடங்கும், விரல்கள் எதையும் பிடிக்காது. வெர்லின் என் அக்கா ஒலீட்டாவின் புருஷன். எங்கள் கிரீன் ஆற்றுப் பக்கத்தில் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கியோடு முயல் வேட்டைக்குப் போகிற சிலரில் அவரும் நானும் உண்டு.

அந்தத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாக வேலை இருக்கிறது. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, ஒரு அட்டை வில்லையைக் கோலால் உள்ளே தள்ள வேண்டும். அதன்மேல் மிளகளவு ஈயக்குண்டுகள், அவை உருண்டு வராமல் இன்னொரு வில்லை. கடைசியாகப் பின்னால் நீட்டியிருக்கும் காம்பில் ஒரு கேப், அடிபட்டதும் பொறி விடுகிற சின்னச் செப்பு மூடி. இரண்டு கை இருப்பவனுக்கு இது பேசிக்கொண்டே செய்கிற காரியம். அந்த நவம்பரில் வெர்லின் மருந்து வைக்கிற மாட்டுக் கொம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு முயன்றார். மருந்து பாதி பூட்ஸில் விழுந்தது. வில்லைகள் ஈரப் புல்லில் விழுந்து ஊறின. அவருடைய நாய் மேபல் முயலைக் கிளப்பிவிட்டு, வெடிச் சத்தம் கேட்காததால் திரும்பி வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

தோட்டா போடுகிற துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"அதுக்கு நான் கடையில போய்க் கோழிய வாங்கிட்டு வந்துருவேன்ல," என்றார்.

அக்கா படகு இருக்கை தைக்கிற பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவள். கை சும்மா இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. என்னைத் தனியாக அழைத்து, வெர்லினால் எதெதைப் பிடிக்க முடியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு வெடிக்கான மருந்தை அளந்து போட்டு வைக்கிற பிளாஸ்டிக் குழாய்கள் கடையில் கிடைக்கும். நானே வாங்கிக் கொடுத்தேன். திருகு மூடி. திறக்க இரண்டு கை வேண்டும். அக்கா அவற்றை இழுப்பறையில் எறிந்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் மூங்கில் வெட்டி வந்தாள்.

பச்சை மூங்கிலை வெட்டியதுதான் தப்பு. குழாய் செய்து, தக்கை வைத்து அடைத்து, ஈயக்குண்டு நிரப்பி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருந்தாள். சூட்டில் மூங்கில் காய்ந்து பிளந்தது. ஒரு காலை நேரத்தில் குண்டுகள் அத்தனையும் சமையலறைத் தரையில் கொட்டின. காலைச் சாப்பாட்டு வாசனைக்கு ஓடிவந்த மேபல் வழுக்கிக்கொண்டு போய் அடுப்பில் முட்டிக்கொண்டது. அப்போதுதான் வெர்லினுக்கு விஷயம் தெரிந்தது.

"பால் புட்டி மாதிரி எனக்கு ஒண்ணொண்ணா நெரப்பிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார்.

"ஒனக்குன்னு யாரு சொன்னா? எனக்குப் பண்றேன்," என்றாள் அக்கா.

வெர்லின் சிரித்துவிட்டார். அத்தனை வருஷமும் அவருடைய வேட்டைக் கோட்டுக்குப் பை தைத்தவள், அவர் கொண்டுவந்த முயலைப் பொரித்தவள். துப்பாக்கியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகவும், சொன்ன பிறகு அது உண்மை என்று தோன்றியதாகவும் பிறகு என்னிடம் சொன்னாள்.

அவரைக்கொடிக்குக் கொம்பு ஊன்றுவதற்காக என் கொட்டகையில் காய்ந்த மூங்கில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டாள். கணு நடுவில் வருகிற மாதிரி விரல் நீளத்துக்கு இரு பக்கமும் விட்டு அறுத்தாள். கணுவே உள்ளே சுவராக நிற்கும். மேல்பாதியில் மருந்து, கீழ்ப்பாதியில் ஈயம். மார்பில் குறுக்காகப் போடுகிற தோல் வார் ஒன்று தைத்து, மருந்துப் பக்கத்துத் தக்கைகளை அந்த வாரிலேயே தைத்துவிட்டாள். குழாயைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், தக்கை வாரிலேயே நின்றுகொள்ளும், குழாய் திறந்தபடி கைக்கு வரும். ஈயப் பக்கத்துத் தக்கையில் ஒரு தோல் வால். அதைப் பல்லால் கடித்து இழுக்கலாம். கேப்புகளுக்குத் தடித்த தோல் பட்டை ஒன்று. ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, துளைக்கு ஒரு கேப் செருகியிருந்தாள். துப்பாக்கியின் காம்பில் வைத்து அழுத்திப் பட்டையை இழுத்தால் கேப் அங்கேயே நிற்கும்.

தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை வாளியில் நிறுத்தி, மருந்துக்குப் பதில் சோளமாவை வைத்து கராஜில் பழகினாள். இடது கையை மேலங்கிப் பைக்குள் செருகிப் பொத்தான் போட்டுக்கொண்டாள். வெர்லினுக்கு முடியாதது தனக்கும் முடியக்கூடாது என்றாள். அந்த வாரம் வீட்டில் சோள ரொட்டி இல்லை. மாவு எங்கே போனது என்று வெர்லின் கேட்டார். பிறகு கராஜ் கதவருகே நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். செய்தித்தாள் கையில் இருந்தது, பக்கம் புரளவில்லை.

அட்டை வில்லைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பைக்குள் கை விட்டால் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்றைப் பிரிக்க இன்னொரு கை வேண்டும். சலித்துப்போய் மொத்தத்தையும் தரையில் கொட்டினாள்.

"பைய விட்டுத்தள்ளு. குறுகலா ஒரு பெட்டி வேணும். அடியில ஒரு பிளவு. கட்டைவிரலால தள்ளுனா ஒண்ணு மட்டும் வெளிய வரும்," என்றார் வெர்லின் செய்தித்தாளைப் பார்த்தபடியே.

அக்கா தேவதாருப் பலகைத் துண்டு ஒன்றை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள். நான் அறுத்துக் கொடுத்தேன். அவர் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வில்லை தடையில்லாமல் சரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். இரண்டு நாள் அதற்கே போயிற்று. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அக்கா அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என்னோடு வேட்டைக்கு வந்தாள். வெர்லின் வரவில்லை. துப்பாக்கியின் கட்டையைப் பூட்ஸுகளுக்கு நடுவே நிறுத்தி, குழலை முகத்திலிருந்து விலக்கி இடது முழங்கை மடிப்பில் சாய்த்துக்கொண்டாள். ஒரே கையால் மருந்து, வில்லை, ஈயம், வில்லை என்று கெட்டித்தாள். நேரம் எடுத்தது, ஆனால் ஒன்றுகூடச் சிந்தவில்லை. அதுவரைக்கும்தான் சோதனை. சுடுவதற்கு, பைக்குள் செருகியிருந்த இடது கையை வெளியே எடுத்துக்கொண்டாள். முதல் முயல் சிரித்துக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. மத்தியானம் மேபல் முட்புதரைச் சுற்றி விரட்டிவந்த ஒன்று அவளுக்கு நேராக வந்தது. புகை விலகியபோது முயல் கிடந்தது. அக்கா அதைவிட அசையாமல் நின்றாள்.

"நான்தானா சுட்டேன்?" என்று கேட்டாள். நான் துப்பாக்கியே எடுத்து வரவில்லை என்பதை ஞாபகப்படுத்தினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பொரித்த முயலும் குழம்பும், பிஸ்கட் என்று நாங்கள் சொல்கிற மெத்தென்ற குட்டி ரொட்டியும். வெர்லின் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எவ்வளவு தூரத்தில் சுட்டாள், முயல் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த வாரக் குடு, பாக்குறேன்," என்றார். போட்டுப் பார்த்துவிட்டு, தோள் இறுக்குகிறது என்று குறை சொன்னார். அக்கா அங்கேயே பக்கிளை இரண்டு துளை தளர்த்தினாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். வெர்லின் குழாயை இழுத்தார், தக்கை வாரில் நின்றது. தோல் வாலைப் பல்லால் இழுத்துத் துப்பினார். குழலை முழங்கையில் தாங்கிச் சுட்ட முதல் வெடி மரத்தில் பட்டது, இரண்டாவது முயலில். என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா, "சரி, இனிமே என் முறை, கழட்டு," என்றாள்.

"இன்னொண்ணு சுட்டுட்டுத் தர்றேன்."

"போன வாரம் நான் ஒரு நாள் முழுக்க நடந்து ஒண்ணுதான் சுட்டேன். கழட்டு."

இப்போது இரண்டு பேரும் வாரா வாரம் போகிறார்கள். துப்பாக்கி ஒன்று, வார் ஒன்று. யார் முறை என்று வேலியிலிருந்து ஓடைவரை சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள். இன்னொரு வார் தைத்துவிடலாமே என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். தோல் இருக்கிறது, மூங்கிலும் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை என்றாள்.