இலை முத்திரை

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது பேருந்து ஊர்ப் பாலத்தைத் தாண்டியது. அதில் உட்கார்ந்திருந்த ஒர்னெல்லா தாண்டவில்லை. பேருந்து போனபின், மடியில் பெட்டியோடு, உட்கார்ந்த வாக்கிலேயே தார்ச்சாலையில் இருந்தாள். கணவன் டூலியோவை விட்டுவிட்டு, த்ரியெஸ்தே நகரில் இருக்கும் தங்கையிடம் ஒரேயடியாகப் போகக் கிளம்பியவள்.

அன்று காலைதான் அவள் வேலை பார்த்த துப்பாக்கித் தொழிற்சாலை தன் கைத்துப்பாக்கிகளைத் திரும்பக் கேட்டு அறிவித்திருந்தது. பின்பக்கமாகக் கீழே விழுந்தால் அவை தாமாக வெடித்தன. பார்மாவில் ஒரு காவலாளிக்கு முழங்கால் போயிருந்தது. அவள் ஏன் பாலத்தைத் தாண்டவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் துப்பாக்கிகளைச் சோதிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. ஒர்னெல்லாவுடையது சிறிய இலை. கான்கிரீட்டின் மேல் விரித்த ரப்பர் பாயில் துப்பாக்கியை எல்லாக் கோணத்திலும் போட்டுப் பார்த்த பிறகே இலையை அடிக்க வேண்டும். பின்பக்கமாக விழவிடும் கவ்வி உடைந்திருந்த வசந்த காலத்தில், வாசலில் லாரி நின்றதால், அந்தக் கோணத்தை விட்டுவிட்டு அடித்தாள். அவள் இலை போட்டவை பழுது நீங்காமல் வெளியே இருக்கும்வரை அவள் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்று ஊர் பேசி முடித்தது.

துப்பாக்கிகள் பெட்டி பெட்டியாக வந்தன. பழுது பார்க்கும் ஃபவுஸ்தோ விழும் அதிர்ச்சியில் தானாக இழுபடாதபடி விசையை எடை குறைந்ததாக மாற்றித் திருப்பி அனுப்பினான். அவை வரவர, திங்கள்தோறும் அவள் ஏறிய பேருந்து அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கொண்டுபோனது. முதல் ஆண்டு அடுத்த ஊர்வரை. மூன்றாம் ஆண்டு பிரெஷா நகரின் முதல் சிக்னல்வரை.

"இன்னைக்கு எதுவரைக்கும் அக்கா?" என்பான் ஓட்டுநர் இத்தாலோ. "டிக்கெட்ட எறங்குனப்புறம் கிழிச்சுக்கலாம்."

டூலியோ அவள் திரும்பும் நேரத்துக்குச் சோளக்களி கிளறி வைத்திருப்பான். அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள், பெட்டியைப் பிரிக்காமல்.

ஏழாம் ஆண்டு நவம்பரில் அவள் பிரெஷா ரயில் நிலையத்தில் ரயிலேறி உட்கார்ந்தாள். ரயில் போயிற்று. அவள் நடைமேடையில் இருந்தாள். கையில் பயணச்சீட்டு இருந்தது.

நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள். ஃபவுஸ்தோ கையைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் வந்துடுச்சு அக்கா. பெருவுலருந்துகூட ஒண்ணு வந்துச்சு, டப்பா முழுக்க மணலோட. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

"அது எங்க இருக்கு?"

"தூரமில்ல. இங்க வேல பாக்கறவங்களுக்குச் சலுகை விலையில கொடுத்தோமே, அதுல ஒண்ணு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டூலியோ அண்ணன் பேர்ல."

வீட்டில் மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. களியிலிருந்து ஆவி எழுந்தது. டூலியோ கரண்டியோடு அடுப்பைப் பார்த்து நின்றான். படுக்கையறையில் அவன் பக்கத்து இழுப்பறை எப்போதும்போல் பூட்டியிருந்தது.

ஏழு ஆண்டுகளில் முதல்முறையாக ஒர்னெல்லா அந்த மேசையில் உட்கார்ந்தாள்.

"டூலியோ, அறிவிப்பு வந்தப்பவே உன் துப்பாக்கிய அத்தை மகனுக்கு வித்துட்டேன்னு சொன்னியே. அவனுக்கு நானே போன் போட்டுக் கேக்கட்டுமா?"