ஒரு சுளகுத் தவிடு

"யாரு புள்ள இது? எமன் காதுல விழுற மாதிரி சொல்லு."

"ஒங்க புள்ள மதினி."

"மூக்க உறிஞ்சிக்கிட்டே சொன்னா அவன் நம்புவானாடி? நல்லா சொல்லு."

"ஒங்க புள்ளதான் மதினி. தவுட்டுக்கு வித்துட்டேன்."

மகள் ஜீவராணி பிறந்த மாதம், தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்த வீரம்மாவோடு, இதே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. இன்று காலையிலிருந்து நாகலெட்சுமியின் காதை விட்டுப் போகவில்லை. ஜீவராணிக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தவழத் தொடங்கும் முன்பே போய்விட்டார்கள். அதனால் மூன்றாவதாகப் பிறந்தவளை வீரம்மா வாங்கிக்கொண்டாள். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டைச் சுளகில் அள்ளிவந்து கொடுத்ததுதான் விலை. வாங்கியவள் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடவில்லை. பால் கொடுத்தது, குளிப்பாட்டியது, மடியில் போட்டுத் தூங்க வைத்தது எல்லாம் நாகலெட்சுமிதான். 'அம்மா' என்ற சொல் மட்டும் சுவருக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. பெற்றவள் அத்தையானாள்.

இதை யார் தொடங்கிவைத்தார்கள் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தது என்பார்கள், அவ்வளவுதான். கொழுந்து எடுக்கும்போது நாகலெட்சுமி அதைப் பற்றி யோசித்ததுண்டு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு வறண்ட ஊரில், வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்திக்குத்தான் இது தோன்றியிருக்க வேண்டும். கும்பிட்டுப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "எமனும் கணக்கப்புள்ள மாதிரிதான்டி," என்பாள் வீரம்மா. "காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் கூப்புடுவான். ஒம் பேருல புள்ள இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவான்."

பள்ளிக்கூடத்தில் 'தவுட்டு ராணி' என்று கேலி செய்தபோதும் ஜீவராணி சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். உயர்தர வகுப்பில் படிக்கும் காலத்தில் ஒருநாள், "எமனுக்கு அறிவு இல்லியா அத்தை? பக்கத்துக் காம்பராவுல ஒரு வார்த்த விசாரிக்க மாட்டானா?" என்றாள். நாகலெட்சுமி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். ஐந்து வயதில், வழுக்கி விழுந்த வலியில், 'அம்மா' என்று இவளைக் கட்டிக்கொண்டதும், அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் ஜீவராணிக்கு நினைவில்லை. தாய்க்கு மறக்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையையே இழக்க முடியுமா? நாக்கு நுனிவரை வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். போன வருடம் வீரம்மா இறந்தபோது, "அம்மா, என்ன விட்டுட்டுப் போயிட்டியேம்மா" என்று ஜீவராணி பிணத்தின் மேல் விழுந்து கதறினாள். தலைமாட்டில் நின்றிருந்த நாகலெட்சுமி செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் ஜீவராணி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அவள் புருஷன் சுதாகரன் ஆட்டோவை லயத்து முனையில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். முதல் பிள்ளை பிறந்த வாரமே போனதிலிருந்து அவன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இது இரண்டாவது. பெண் பிள்ளை. சளி கட்டியிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை உறுமுவது போல ஒரு சத்தம்.

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டிட்டேன் அத்தை. பயப்பட ஒண்ணுமில்லேங்கிறாங்க." ஜீவராணி குழந்தையின் நெஞ்சைத் தடவினாள். "மொத புள்ளைக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க."

பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். தவிடு. எமனுக்கு அறிவில்லையா என்று கேட்டவள், மூலையில் கிடந்த சுளகை இழுத்து அதில் கொட்டினாள்.

"ஒங்கக்கிட்ட இருக்காதுன்னு நானே வாங்கியாந்தேன். இத எங்கையில குடுத்துட்டு இவள நீங்க வாங்கிக்கங்க. ஒங்கள அம்மான்னு கூப்புடட்டும். நான் அத்தையா இருந்துட்டுப் போறேன். உசுரோட இருந்தா போதும்."

நாகலெட்சுமியின் கை தன்னையறியாமல் சுளகுப் பக்கம் நீண்டது. இன்னும் இரண்டு வருடத்தில் இந்தக் காம்பரா முழுக்க அந்தச் சொல் ஓடித் திரியும். இந்த வாசல்படியிலிருந்து, அடுப்படியிலிருந்து, தன்னைப் பார்த்து, தன்னை மட்டும் பார்த்து. குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கலுக்கே பால் சுரந்து ஜீவராணியின் சட்டை நனைவதை நாகலெட்சுமி பார்த்தாள். நீட்டிய கை நடு வழியில் நின்றது.

"யாரு புள்ளன்னு கேளுங்க அத்தை. நான் சத்தமா சொல்லுறேன். அழ மாட்டேன்."

இத்தனை வருடம் போல வாயை மூடியிருந்தால் ஜீவராணியாவது பிழைப்பாள். திறந்தால் தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே போய்விடுவார்களோ? அடுத்த காம்பராக் கோழி ஒன்று இஸ்தோப்பில் ஏறி, சுளகுக்குள் கால் வைத்து, தவிட்டைக் கொத்த ஆரம்பித்தது. இருவரும் அதை விரட்டவில்லை. குழந்தையின் மூச்சு ஒருகணம் நின்றாற்போல் இருந்தது. பிறகு அந்தப் பூனைச் சத்தம் மறுபடி கேட்டது.

"கேளுங்க அத்தை."

"இவ ஒம்புள்ள. நான் வாங்க மாட்டேன்," என்றாள் நாகலெட்சுமி. லயத்து முனையில் நின்ற சுதாகரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் குரல் உயர்ந்தது. "ஜீவா, ஒரே ஒரு வாட்டி... என்ன அம்மான்னு கூப்புடுடி."