வள்ளியம்மை சொன்னதாக

1

இந்தக் கதை ஒரு சாவு வீட்டில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 1964, செஞ்சி கடைத்தெரு. ஜவுளிக்கடை வெங்கடரமணனின் தாயார் காலமாகி மாசம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் அவர் கதை எழுத உட்கார்ந்துவிட்டார்.

[எழுதுகிறவர் தன்னையே ஏன் ‘அவர்’ என்று எழுதிக்கொள்கிறார்? சந்தேகப்படுங்கள். நியாயமான சந்தேகம்தான்.]

முதல் தொடக்கம்: ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல மெல்ல

வேண்டாம். இந்த ஊரில் பேனா எடுத்தவன் எல்லாம் மலையில்தான் ஏறுகிறான்.

இரண்டாவது தொடக்கம்: ‘அழாதவள்’ என்று தலைப்பு. மாமியார் பிணத்தை எடுத்த அன்று சாயங்காலம் வள்ளியம்மை புருஷனிடம் சொன்னாள்: “கிழவி செத்ததுக்கு எனக்கு அழுகையே வரல.”

இது அவருக்குப் பிடித்துப்போயிற்று. தலைப்புக்கு ஒற்றைக் குறி, பேச்சுக்கு இரட்டைக் குறி. ‘சொன்னாள்’ பக்கத்தில் காற்புள்ளியா, முக்காற்புள்ளியா என்றுதான் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். காற்புள்ளி போட்டால் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது போலிருந்தது. முக்காற்புள்ளி போட்டால் ஆளைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்லவைத்தது போலிருந்தது. முக்காற்புள்ளியையே வைத்தார்.

2

மறுநாள் கடைக் கல்லாவில் வைத்திருந்த தாளை எடுத்தால் குறிகளைக் காணோம். தலைப்பில் இருந்தவை, பேச்சில் இருந்தவை, அந்த முக்காற்புள்ளி, எல்லாவற்றையும் யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். வார்த்தைகள் அப்படியே இருந்தன. திரும்பப் போட்டுவைத்தார். திரும்பவும் சுரண்டியிருந்தது.

குமாஸ்தா கோதண்டராமன்மேல் அவருக்கு எப்போதுமே ஒரு கண்.

“கல்லாவுல யாருய்யா கைய வச்சது?”

“துட்டு கொறையுதுங்களா மொதலாளி?”

“துட்டு இல்லய்யா. குறி.”

“இன்னா குறி?”

கோதண்டராமன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையையும் வெங்கடரமணன் சந்தேகித்தார். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்தார். அங்கேயும் சுரண்டல்.

இனி மிச்சம் ஒரே ஆள், கடைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி வேதநாயகி.

3

அவள் கூடத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சாதிக்கவில்லை.

“ஆமா, நான்தான் சொரண்டுனேன். இது பத்திரிகையில வந்தா வள்ளியம்மை யாருன்னா கேப்பாங்க? என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அழாதவள்னு பேரே வச்சிடுவாங்க. பொறந்த வூட்டுக்கு நான் எப்டிப் போவேன்?”

“கதைதான வேதா…”

“இன்னா கத? அத்தைக்காவ தொண்ட கட்ற வரைக்கும் அழுதது நானு. சுடுகாட்லேர்ந்து வந்து பின்கட்டுல ஒக்காந்து அந்த வார்த்தையச் சொன்னது யாரு? அதும் கிழவியாம். அன்னிக்கிக் கிழவின்னா சொன்னீங்க?”

வெங்கடரமணன் கடலைத் தோலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. பெற்றவளுக்கு அழாத பிள்ளையிடம் இந்தக் கடைத்தெருவில் யார் கூறைப்புடவை எடுப்பார்கள்?

“வார்த்தைய நான் அடிக்கல. குறியத்தான் எடுத்தேன். சொன்னவங்களாண்டயே அது இருக்கட்டும்.”

[இந்தப் பேச்சுக்கு மட்டும் தைரியமாகக் குறி போட்டிருக்கிறது. இது அவள் சொன்னதேதான்.]

4

ஒரு முடிவு: குறிகளை மறுபடி போட்டு, கதையை மெட்ராஸுக்குத் தபாலில் சேர்க்கிறார். கதை பிரசுரமாகிறது. வேதநாயகி கடைத்தெருப் பக்கம் வருவதை நிறுத்திக்கொள்கிறாள்.

இன்னொரு முடிவு: அவர் மனம் திருந்தி, கண் கலங்கி, மனைவியின் கையைப் பற்றி

நம்பாதீர்கள். இந்த ஆளை நம்புவதற்கு இதுவரை என்ன காரணம் கண்டீர்கள்?

ஆகவே தாளை உங்களிடம் கொடுத்துவிடுவதே உத்தமம். பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளியம்மையின் பெயரை முன்னால் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் குறி போடுவதானால் இப்போதே போட்டுவிடுங்கள். வேதநாயகி கடலைத் தோலைக் கொட்டக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தையை மட்டும் மாற்றியிருக்கிறது. மற்றபடி, சுரண்டிய இடத்தில் வரி அப்படியேதான் இருக்கிறது.

அம்மா செத்ததுக்கு எனக்கு அழுகையே வரல