துடைப்பத்துக்குப் பின்னால்

எதை எங்கே வைத்தால் யார் கை எதைத் தொடும் என்பதில் தம்பி புலி. அவன் மேனேஜராக இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்க வந்தவர் வாளியோடு போவார். வாளி வாங்க வந்தவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு போவார். வீட்டுக்குப் போனபிறகுதான், வந்த காரியத்தை மறந்துவிட்டோம் என்பது உறைக்கும். மறுபடி வருவார். அதற்கும் சேர்த்துத்தான் தம்பிக்குச் சம்பளம்.

இந்தப் புலியிடம் சிக்காத ஒரே ஆள் அவன் கூடப் பிறந்த அக்கா.

கடை திறந்த கையோடு, ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே அக்கா வந்துவிடுவாள். வாசலிலிருந்து நேரே சோப்பு, திரும்பினால் பிஸ்கட், கடைசியில் பால். தண்டவாளம் போட்ட மாதிரி நடை. சோப்பு என்றால் பச்சை உறை சோப்புதான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பில் போடும் அம்மா இன்னொன்றை நீட்டினால், "இதை நான் கேக்கலையே" என்று மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவாள். நாற்பது தாண்டியபிறகு ஒரு டாக்டர் இதற்கெல்லாம் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அதுவரை வீட்டில் இதற்கு இருந்த பெயர் கொழுப்பு.

வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்தித் தருபவள் அவள். துணைக்கு ஆளில்லாமல் அவள் போய்வருகிற ஒரே இடம் தம்பியின் கடை. அதில் தம்பிக்கு உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொண்டால் மேனேஜர் கெத்து என்னாவது?

கடையைத் தலைகீழாக மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. புது வரைபடத்தைத் தம்பியே ஸ்கேல் வைத்துப் போட்டான். சோப்பு பின்மூலைக்கு, சோப்பு இருந்த இடத்துக்கு வாளி, கதவைத் திறக்கும்போதே பாட்டு.

"இது பலிக்கும்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மேலதிகாரி.

"எங்க அக்கா ஒருத்தி இருக்கா சார். அவ கூடையில ஒரு பொருள் கூடுதலா விழுந்துட்டா, மத்தவங்களைப் பத்திக் கவலையே வேண்டாம்."

மேலதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பின் தெம்பில், அக்காவிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன சோதனை?

புதுக் கடை திறந்த காலையில், துடைப்பங்கள் தொங்கிய ஸ்டாண்டுக்குப் பின்னால் தம்பி பதுங்கிக்கொண்டான். அவன் உடம்பை மறைக்க இரண்டு ஸ்டாண்டு தேவைப்படும், இருந்தது ஒன்று.

அக்கா வந்தாள். பாட்டு முழங்கியது. சோப்பு இருந்த இடத்துக்கு நேரே நடந்து, வாளிகளுக்கு முன்னால் நின்றாள். கை தானாக நீண்டு, வாளியின் விளிம்பைத் தொட்டு, சுட்டதுபோல் பின்வாங்கியது. காதைப் பொத்திக்கொண்டாள். கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி ஓடிப்போயிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தேட ஆரம்பிப்பாள் என்று அவனுக்குள் இருந்த புலி சொன்னது. பொறுத்தான்.

அவள் தேடினாள். கண்டுபிடித்தது அவனைத்தான்.

"நீ ஏன் இங்க நிக்கிற?"

"சும்மாக்கா."

"சும்மா யாரும் துடைப்பத்துக்குப் பின்னாடி நிக்க மாட்டாங்க. சோப்பு எங்க?"

அப்போதாவது கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம். "தேடிப் பாரேன்க்கா, ஜாலியா இருக்கும்" என்றான்.

அக்கா கூடையை மெதுவாகத் தரையில் வைத்தாள். கைப்பிடியை நேராக்கினாள். போய்விட்டாள்.

"என்ன சார், அக்கா வெறுங்கையோட போறாங்க? சண்டையா?" என்றாள் பில் போடும் அம்மா.

"இல்லம்மா, ஆராய்ச்சி" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் அக்கா வரவில்லை. வேறு கடைக்குப் போனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே வரவழைக்கிறாள் என்று மனைவி சொன்னாள். "நல்லதாப் போச்சு, அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, தம்பி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான்.

பச்சை உறை சோப்பை மட்டும் பழைய இடத்துக்கே, வாளிகளுக்கு நடுவில் கொண்டுவந்தான். மேலிடம் கேட்டால் புது உத்தி என்று சமாளிக்கலாம். வரைபடத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

குளியலறை வாசலில் நீல உறை சோப்புகள் பிரிக்காமல் கிடந்தன.

"இது உன் சோப்பு இல்லையே."

"அது இல்லன்னு இதை அனுப்பிட்டாங்க."

"அப்புறம் எதைப் போட்டுக் குளிக்கிற?"

"பழசுல மிச்சம் இருக்கு."

எட்டிப் பார்த்தான். பூவிதழ் கனத்தில் ஒரு வில்லை. ஊருக்கே தேவையில்லாததை விற்கிறவன், அக்காவுக்குத் தேவையான ஒன்றைக் கொண்டுவர மறந்திருந்தான்.

"சோப்பைப் பழைய இடத்துலயே வெச்சுட்டேன்க்கா."

"திரும்ப மாத்துவ. அது உன் வேலை, தப்பில்ல. முன்னாடியே படம் வரைஞ்சு கொடுத்திருந்தா பழகிக்கிட்டு வந்திருப்பேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து நீட்டினான். கடை திறப்பதற்கு எவ்வளவோ முன்பே போட்டு மேஜையில் வைத்திருந்த அதே தாள்; சோப்பின் இடத்தை மட்டும் பேனாவால் திருத்தியிருந்தான். அக்கா பிழை திருத்துகிற கண்ணால் மூலை மூலையாகப் படித்தாள். விரல் துடைப்ப ஸ்டாண்டில் வந்து நின்றது.

"எல்லாம் சரியா இருக்கு. நீ இங்க நின்னது மட்டும் இதுல இல்ல."

"இனிமே நிக்க மாட்டேன்க்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்; பதில் சொன்னால் கிளம்பி வந்துவிடுகிற முகத்தோடு கேட்டாள். வாய்ச் சாமர்த்தியத்தில் பிழைப்பு நடத்துகிறவன், "வரேன்க்கா" என்று செருப்பைத் தேடினான்.

இப்போதெல்லாம் கடை திறந்து வெகுநேரம் கழித்துத்தான் பாட்டு. அதுவரை தம்பி வாசலுக்கு நேரே, யார் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்கிறான். வருகிறவர்கள் அவன்மேல் இடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

"வாளிக்கு நடுவுல இந்தச் சோப்பு யாருக்கு சார்? எடுத்துடலாமா?" என்று பில் போடும் அம்மா அவ்வப்போது கேட்கிறாள்.

"இருக்கட்டும்மா" என்கிறான்.