பெரியக்கா மிதித்த பெடல்

வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிற பெரியக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் இசைக்குழுவில், கனத்த அடிநாதம் தரும் நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசிப்பாள். "நீ பின்னாடி நின்னு தும் தும்னு தட்டுக்கா, போதும்," என்பான் தம்பி. முன்னால் நின்று கிட்டாரில் வெளுத்துக் கட்டுவது அவன்தான்.

ஒருநாள் பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையில் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் அவள் கண்ணில் பட்டது. அது காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கி உறும வைக்கும் சின்ன இரும்புப் பெட்டி.

"பேஸுக்கா? வேணாம்மா. கனமான சத்தத்தையெல்லாம் முழுங்கிடும்," என்றார் கடைக்காரர்.

"முழுங்குனதக் கக்க வெச்சுக்கிறேன், குடுங்க," என்று வாங்கி வந்துவிட்டாள்.

கடைக்காரர் சொன்னது உண்மைதான். மிதித்ததும் பேஸ் கொசு மாதிரி ரீங்கரித்தது. அவள் விடவில்லை. கிட்டாரிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெடல் வழியாகவும் மற்றதை நேராகவும் தனித்தனி ஸ்பீக்கருக்கு அனுப்பினாள். கனமும் போகவில்லை, உறுமலும் சேர்ந்துகொண்டது.

அடுத்த கச்சேரியில், பாட்டின் நடுவே, தம்பியின் கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் புகைந்து அடங்கியது. அவன் பேயறைந்தவன் போல நின்றான். பெரியக்கா பெடலை ஓங்கி மிதித்து, அவன் வாசிக்கவேண்டிய மெட்டைத் தன் நான்கு தந்திகளில் எடுத்தாள். அரங்கின் தரை அதிர்ந்தது. பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

பாட்டு முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. தம்பி மைக்கைப் பிடித்தான்.

"இது எங்கக்கா!" என்றான். "இன்னொரு தடவ கேக்கணுமா?"

கூட்டம் போட்ட கூச்சலில் அவன் கேள்வியே அமுங்கிப்போனது.