காய்ந்த குழாய்

தியாகராய நகரில் ராஜரத்தினத்தின் பட்டுக்கடை ஏழு மாடி. அடித்தளத்திலிருந்து உச்சிவரை ஒரு சிவப்புக் குழாய் ஏறிப் போகிறது. எந்த மாடியில் தீப்பிடித்தாலும் அங்கே வால்வைத் திறந்து தண்ணீர் அடிக்கலாம். எப்போதும் தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டிய வகை. வெட் ரைசர் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஆறாம் மாடியில் அது கசிந்து இரண்டு முகூர்த்தப் புடவைகள் நனைந்தன. அன்றே குழாயை வடித்துவிடச் சொன்னார் முதலாளி. பட்டுக்கு நெருப்பைவிடத் தண்ணீர்தான் எதிரி என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆனால் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் குறைவில்லாமல் கிடைத்தன. பக்கத்தில் தண்ணீர் அடிக்கும் ஹோஸைச் சுருட்டி வைக்கும் பெட்டியில் விற்பனைப் பெண்களின் சாப்பாட்டுப் பைகள் குடியேறின.

பராமரிப்பு வேலை பார்க்கும் நந்தகுமார் அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி ஆஷா அந்த ஆறாம் மாடியில்தான் புடவை விரித்துக் காட்டுகிறாள். தினமும் மதியம் அவளோடு சாப்பிட வரும்போது குழாயைத் தட்டிப் பார்ப்பான். காலி அண்டா மாதிரி ஒலிக்கும். அவளைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

தீயணைப்புச் சான்றைப் புதுப்பிக்க அதிகாரி வருவதற்கு முந்திய நாள் ராஜரத்தினம் அவனைக் கூப்பிட்டார்.

"டிரை ரைசர்னு ஒரு வகை இருக்காம்லா? காலிக் குழாய். நம்மது அதுதான்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுடே."

"அதுக்குத் தெருவுல தீயணைப்பு வண்டிக்காரங்க வந்து தண்ணி ஏத்துற வாய் வோணும் மொதலாளி. நம்ம கொழா வாய மறைச்சி நீங்க புள்ளையார் கோயில் கட்டிக்கீறீங்க."

"பிள்ளையார் இருக்கையில தீ எப்படிடே வரும்?"

நந்தகுமார் கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நின்றான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது முதலாளியின் வழக்கம்.

மறுநாள் கடை திறக்கும் முன் அடித்தளத்துக்குப் போய் பம்பை ஓடவிட்டு மெயின் வால்வைத் திறந்தான். பிறகு வால்வைத் திருகி மூடும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றினான். குழாய் மாடிமாடியாக உறுமி அடங்கியது. ஆறாம் மாடிக்கு ஏறித் தட்டினான். ஒலிக்கவில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரி ஷண்முகப்ரியா வந்தார். ஆறாம் மாடியில் நின்று, "இது எந்த வகை?" என்றார்.

"டிரை மேடம். சுத்த டிரை. நானே திறந்து காட்டுதேன்."

"மொதலாளி, அதுல தண்ணி கீது," என்றான் நந்தகுமார்.

"நீ சும்மா இருடே. காத்துகூட வராது மேடம்."

வந்தது. முதலில் ராஜரத்தினத்தின் வெள்ளைச் சட்டை, பிறகு ஒரு அலமாரி முகூர்த்தப் பட்டு. அதிகாரியே வால்வை மூடிவிட்டு நிதானமாக எழுதினார்.

"வெட் ரைசர். அழுத்தம் நல்லா இருக்கு. ஹோஸ் பெட்டியில இருக்கற எலுமிச்சை சாதத்தை எடுத்துடுங்க. பிள்ளையாரையும் கொஞ்சம் நகர்த்தி வைங்க. சொந்தக் கடையில இருக்கறது உங்களுக்கே தெரியலையே சார்."

அவர் போனதும் ராஜரத்தினம் மீசையிலிருந்த தண்ணீரை வழித்தார்.

"போய் மெயின் வால்வை மூடு."

"இன்னாத்த வச்சி மூடறது மொதலாளி? அதுல சக்கரம் இல்ல."

"எங்க போச்சு?"

நந்தகுமார் நனைந்த அலமாரியை நகர்த்தப் போனான். நனைந்த பட்டைப் பிழிந்துகொண்டிருந்த ஆஷா கையைத் துடைத்துக்கொண்டு, ஹோஸ் பெட்டியிலிருந்து தன் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். இரும்புக் கனம் கனத்தது. அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தோளில் மாட்டிக்கொண்டாள்.