கழுவித் துடைத்த அறை

ஜப்பான்காரனின் விமானங்கள் மட்டக்களப்புக் கடலுக்கு மேல் பறந்த அன்று, கல்லடியில் பாதிச் சனம் வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது. ஆச்சிப்பிள்ளையும் புருஷன் கதிர்காமத்தம்பியும் உன்னிச்சையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுச் சாவி பக்கத்து வளவுப் புஸ்பத்திடம் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவும் சாமி விளக்குக் கொளுத்தவும் கொடுத்துவிட்டுப் போனது.

வந்து இறங்கியதுமே அவர்கள் காதில் விழுந்தது சாவுச் செய்தி. நெஞ்சு நோயில் கிடந்த புஸ்பத்தின் புருஷன் கோணாமலை செத்துப்போயிருந்தான். ஆச்சிப்பிள்ளை ஓடிப்போய்ப் புஸ்பத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். பொய்யழுகை இல்லை, அவன் கொண்டுவந்து தந்த வாவி மீனை எத்தனை நாள் தின்றிருக்கிறாள்.

ஆனால் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சீமெந்துத் தரையில் பொட்டுத் தூசி இல்லை. மூலை முடுக்கெல்லாம் கழுவியிருந்தது. சாம்பிராணி வாடை வேறு. கட்டில் சுவரைவிட்டு விலகியிருந்தது. அதன்மேல் விரித்திருந்த பன்புல் பாய் அவளுடையது இல்லை. பெட்டகத்தைத் திறந்து கிளறினாள். நகை இருந்தது, சேலைகள் இருந்தன. ஒன்றும் களவு போகவில்லை என்பதுதான் அவளை இன்னும் குடைந்தது. விளக்குக் கொளுத்த வந்தவளுக்குப் படுக்கையறையில் என்ன வேலை?

மறுநாள் காத்தான்குடியிலிருந்து முட்டை விற்க வந்த கைறுன்னிஸா, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க இல்லாத நேரம் உங்கட ஊட்டுக்குள்ள ஆம்புளக் குரல் கேட்டிச்சி புள்ள. முனகின மாதிரி. நான் பயத்தில நிக்கல்ல.”

அதன்பிறகு ஆச்சிப்பிள்ளைக்கு வேலியோரம்தான் வேலை. கிணற்றடியில் புஸ்பம் இவளைக் கண்டால் வாளியைப் பாதியில் இறக்கிவிட்டு உள்ளே போனாள். வெள்ளைச் சேலைக்காரியிடம் எப்படிக் கேட்பது?

“ஆரையோ ஒளிச்சு வெச்சிருந்திருக்காள்,” என்றார் முட்டைக்காரி சொன்னதைக் கேட்ட கதிர்காமத்தம்பி. “சண்டைக் காலம். நமக்கெல்லோ பொலிஸ் வரும். ஊர்த்தலைவர் விதானையாரிட்டச் சொல்லப்போறன்.”

அதைக் கேட்டதும் ஆச்சிப்பிள்ளை வேலியில் ஆள் நுழையும் பொட்டால் புஸ்பம் வீட்டுக்குப் போனாள்.

“புஸ்பம், என்ட அறைக்குள்ள ஆரு கிடந்த?”

கீரை கிள்ளிக்கொண்டிருந்த புஸ்பத்தின் கை நின்றது.

“அவர்தான் அக்கா. எங்கட ஓலை வீடு, குண்டு விழுந்தாப் பத்திக்கொள்ளும் எண்டு சனம் கத்திச்சு. அவருக்கு நடக்க ஏலா. தூக்கி வந்து உங்கட கட்டில்ல கிடத்தினன். அதிலதான் உயிர் போச்சு. பாயை எரிச்சுப்போட்டுப் புதுசு வாங்கி விரிச்சன்.”

“எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அந்தக் கட்டில்ல படுப்பீங்களா?”

ஊரைவிட்டு ஓடிய அன்று ஆச்சிப்பிள்ளையின் வண்டியில் நெல் மூட்டை ஏற்ற இடமிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளி கிடக்கிறானே என்று ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. புஸ்பத்தின் பக்கத்தில் குந்தி, மிச்சக் கீரையைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“என்னவாம்?” என்றார் கதிர்காமத்தம்பி.

“பூட்டின வீடு நாறும் எண்டு கழுவி விட்டிருக்காள். வேற ஒண்டுமில்ல.”

“அப்ப அந்த ஆம்பிளைக் குரல்?”

“நம்மட மாடு கத்தியிருக்கும்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சோறு தின்றுவிட்டு வழக்கம்போல் கட்டிலில் போய்ச் சாய்ந்தார். ஆச்சிப்பிள்ளை வெளி விறாந்தையில் பாயை உதறி விரித்தாள்.

“ஏன் அங்க?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“புழுக்கமாக் கிடக்கு,” என்றாள்.

வாவிப் பக்கமிருந்து காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது.